தாமிரத்தின் நான்காவது கை

எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அறிவிப்பு எதுவும் வராது. கல்யாணமான மூன்றாவது நாளே என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் முதல் செய்முறை வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பியூரெட்டைக் கழுவாமல் ஸ்டாண்டில் மாட்டினால் போதும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் நன்றி சொல்ல வேண்டிய ஒரு பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரைத் திட்டியதையும் சேர்த்து எழுதாமல் அந்த நன்றி முழுசாகாது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசுக் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். பாடம் வேதியியல். வீடு கச்சிராயபாளையத்தில். கணவர் கரும்பு வைத்திருக்கிறார். காலை டவுன் பஸ்ஸில் போய் வகுப்பெடுப்பேன். மதியத்துக்கு மேல் அதே துறையின் ஆய்வகத்தில் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வு. பகுதி நேரம் என்பது பதிவுத் தாளில் மட்டும்தான். பஸ்ஸில் போகும்போதும் அதுதான் ஓடும், மாவு ஆட்டும்போதும் அதுதான் ஓடும். என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் நான் பதிவு செய்தேன். அவள் ஏழாம் வகுப்புக்கு வந்து அமிலம், காரம் என்று படிக்க ஆரம்பித்த பிறகும் நான் முடித்தபாடில்லை. "அம்மா, உனக்கு முன்னாடி நான் டாக்டராயிடுவேன் பாரு" என்று கேலி பேசுவாள். அவளையும் திட்டியிருக்கிறேன்.

ஆய்வு என்ன என்று கேட்டால் உறவுக்காரர்களிடம் "கலர் கலரா பொடி செய்யறேன்" என்று சொல்லிவிடுவேன். அது பொய்யும் இல்லை. ஆல்டிஹைடு ஒன்றையும் அமீன் ஒன்றையும் மெத்தனாலில் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். கோக்கும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போய்விடும். மிச்சம் இருப்பதுதான் ஷிஃப் காரம். என்னுடையது நன்றாகப் பழுத்த பப்பாளியின் நிறத்தில் குடுவையின் அடியில் இறங்கும். அதனுடன் தாமிர உப்பைச் சேர்த்தால் பப்பாளி நிறம் போய்க் கரும்பச்சை வரும். அந்த நிறம் மாறுகிற கணத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்றைக்கும் அடுப்பை விட்டு நகராமல் நிற்பேன். சம்பளம் கொடுக்காமலே இதைச் செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று நினைத்த நாட்கள் உண்டு. வெளியில் மட்டும் சொல்ல மாட்டேன்.

இந்த வேலையில் முதல் எதிரி தண்ணீர். வெளியே போன தண்ணீர் திரும்பி உள்ளே வந்தால், கோத்த கை பிரிந்து பழையபடி ஆல்டிஹைடு வேறு, அமீன் வேறு என்று ஆகிவிடலாம். அதனால் கண்ணாடிச் சாமான்களை அடுப்பில் காயவைப்பேன். மெத்தனாலின் ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் தொடுவேன். ஈர பீக்கரோடு ஆய்வகத்துக்குள் யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

என் ஆய்வு முழுக்க ஒரே ஒரு இடத்தைப் பற்றியது. அந்தச் சேர்மத்தில் தாமிரத்துக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் ஷிஃப் காரம் மூன்றைப் பிடித்துக்கொள்கிறது. நான்காவது கையை யார் பிடித்திருக்கிறார்கள்? பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன்தான், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கின்றன என்று நான் எழுதியிருந்தேன். அகச்சிவப்பு நிறமாலை எடுத்தேன், காந்தத் தன்மை பார்த்தேன், சூடாக்கி எடை குறைகிறதா என்று பார்த்தேன். எல்லாம் "இருக்கலாம்" என்றன. எதுவும் "ஆமாம்" என்று சொல்லவில்லை. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "படிகம் கொண்டாங்கம்மா. ஒரே ஒரு நல்ல படிகம். அது இல்லாம இது ஊகம்தான்."

படிகம் கிடைத்தால் அதை எக்ஸ் கதிரில் வைத்து ஒவ்வோர் அணுவும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படமாகவே பார்த்துவிடலாம். பிறகு யாரும் வாதாட முடியாது. கிடைக்காவிட்டால் எட்டு வருஷமும் போச்சு. ஏனென்றால் என் பதிவை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று. ஆடி மாதத்தோடு அது காலாவதி. மூன்றாம் முறை கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பட்டம் இல்லாதவர்கள் இனிமேல் கௌரவ விரிவுரையாளராகவும் நீடிக்க முடியாது என்ற பேச்சும் எங்கள் துறையில் அடிபட்டுக்கொண்டிருந்தது.

படிகம் வளர்ப்பது பார்வைக்குச் சுலபம். பச்சைக் கரைசலைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் நாலு துளை போட்டு, அசையாமல் வைக்க வேண்டும். மெத்தனால் மெல்ல மெல்ல ஆவியாகப் போகும். கரைசல் குறையக் குறைய அடியில் படிகம் பிறக்கும். ஆனால் அது மெல்லப் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் எது மெல்லப் போகிறது? மூன்றே நாளில் குப்பி வறண்டு அடியில் பச்சை மாவு ஒட்டிக்கிடக்கும். ஆய்வகத்துக்கு வெளியே சாலை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் வரிசையாகப் போகும்போது அலமாரிக் கண்ணாடி எல்லாம் கடகடவென்று ஆடும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். என் கணவர் பொதுவாகப் பொறுமைசாலி. அன்றைக்கு அவருக்கே தாங்கவில்லை.

"இன்னாம்மா இது, வெஷத்தக் கொண்டாந்து மோர்க் கிண்ணம் பக்கத்துல வெச்சிக்கினு கீற?"

வேதியியல் படித்தவள் செய்யக்கூடாத காரியம்தான். உடனே எடுத்துவிட்டேன். அப்போது அவர்தான் சொன்னார்: "குளுகுளுன்னு, அசங்காம ஒரு எடம் வேணும், அவ்ளோதான? மல இருக்குதே. தெனம் அதப் பாத்துக்கினே பல்லு வெளக்கற, உனக்குத் தோணலியா?"

எனக்குத் தோன்றவில்லைதான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். வெள்ளிமலை பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் மேலே போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒரு வாரம் தங்கியிருக்கிறேன். எனக்கும் இரண்டு மாணவிகளுக்கும் தன் வீட்டில் இடம் கொடுத்த பெண்மணி ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். ஓட்டு வீடு, மண் சுவர். உள்ளே சாமையும் புளியும் சேர்த்து வைக்கிற அறை ஒன்று. சன்னல் கிடையாது, வெயில் எட்டிப் பார்க்காது. சித்திரையில்கூட அந்த அறைத் தரையில் வெறுங்காலோடு நின்றால் சில்லென்று இருக்கும்.

போன் போட்டுக் கேட்டேன். "எடுத்துக்கினு வாங்க டீச்சர், இன்னா இருக்குது அதுல" என்றார்.

இரண்டு குப்பிகளைப் பஞ்சு சுற்றி எவர்சில்வர் தூக்கில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் வண்டியோடு சாய்வேன், தூக்கு சாயாது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கொழம்பா? அப்படிப் புடிச்சிக்கினு வரீங்க?" என்று கேட்டார். இல்லை, என் பி.எச்டி. என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். அதன் பிறகு பள்ளத்தில் வண்டி பதமாக இறங்கியது. அந்த இருவருக்கும் நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

உள்ளறையில் ஒரு மரப்பலகையைக் காட்டினார் அக்கா. ஒரு குப்பியை முன்னாலும் ஒன்றைப் பின்னால் சுவரோரமாகவும் வைத்தேன். பிறகு உத்தரவுகள் போட்டேன். தொடக்கூடாது, ஆட்டக்கூடாது, பிள்ளைகளை விடக்கூடாது, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, முக்கியமாகக் குடிக்கிற சாமான் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "பத்திரமா பாத்துக்குங்கக்கா, என் உயிரே இதுலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

செய்யக்கூடாததை எல்லாம் சொன்னேன். அந்தத் தண்ணி மாதிரி இருக்கிறது தானாகக் குறைய வேண்டும், குறைவதுதான் வேலையே என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நான்கு வாரம் கழித்துப் போனேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக உள்ளறையைத் திறந்தார். பின்னால் இருந்த குப்பி கிட்டத்தட்ட வற்றியிருந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில் அதே பாழாய்ப்போன பச்சை மாவு. முன்னால் இருந்த குப்பியில் கரைசல் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. நிறம்கூட ஒரு மாதிரி வெளுத்திருந்தது. அலுமினியத் தாளின் ஓரம் பிரிந்து மறுபடி அமுக்கப்பட்டிருந்தது.

"யாராச்சும் தொறந்தாங்களாக்கா?"

"நான்தான் டீச்சர். கொறஞ்சிகினே போச்சு. நீங்க உசிருன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு பயமாப் போச்சு. ரெண்டு தபா தண்ணி ஊத்தி நெரப்புனேன். பின்னால இருக்கறது கண்ணுலயே படல, இப்பதான் பாக்கறேன், காஞ்சே போச்சே."

காய்ந்துபோனதற்காக அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். எட்டு வருஷமாக வாசலில் நிறுத்தி வைத்த எதிரியை என் குப்பிக்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்.

என்ன சொன்னேன் என்று முழுக்க எழுத எனக்குக் கை வரவில்லை. யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்று ஆரம்பித்தேன். என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள் என்றேன். "படிச்சவங்க கையில குடுக்க வேண்டியத உங்க கையில குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றும் சொன்னேன். அவர் வீட்டில், அவர் தரையில் நின்றுகொண்டு சொன்னேன். அவருடைய கணவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுப்பில் சாமைச் சோறு ஆகிக்கொண்டிருந்தது. எனக்காகக் கோழி அடித்திருந்தார் என்று வாசனையில் தெரிந்தது.

சாப்பிடாமல் கிளம்பினேன். "அதத் தூக்கிக் கொட்டிடுங்க" என்று முன்குப்பியைக் காட்டிச் சொல்லிவிட்டு, பின்குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அக்கா கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தார். கிட்டே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திரும்பி நடந்தார்.

பத்து நாள் போனது. படிகம் இல்லாமலே ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாமா என்று என் நெறியாளரிடம் கேட்டேன். "எழுதலாம். ஆனா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா" என்றார் அவர். நல்ல மனிதர், எட்டு வருஷத்தில் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தாதவர். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

வைகாசி நடுவில் ஒரு காலையில், வகுப்புக்கு நடுவே போன் வந்தது. மலையில் டவர் கிடைக்க அக்கா பாறை மேல் ஏறித்தான் பேச வேண்டும். காற்று இரைச்சலோடு குரல் வந்தது.

"டீச்சர், கோச்சிக்காதீங்க. நீங்க கொட்டச் சொன்னத நான் கொட்டல. மனசு வர்ல. அங்கயே உட்டுட்டேன். இப்ப அடியில பச்ச பச்சயா, ரவ கணக்கா, இன்னாமோ கெடக்குது. மினுக்குது. பூச்சி வெச்சிருச்சோன்னு பாத்தேன், பூச்சி இல்ல. கொட்டிடட்டுமா?"

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். என் கணவர் கரும்புத் தோட்டத்திலிருந்து சேறோடு வந்து பைக்கை எடுத்தார். உள்ளறையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கரும்பச்சை, சுத்தமான பட்டைகள், ஓரம் வெட்டினது போல. எட்டு வருஷத்தில் நான் பார்த்த முதல் படிகம். அழுதேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, "நல்லதா டீச்சர், கெட்டதா? அதச் சொல்லிட்டு அழுங்க" என்றார்.

நல்லது என்றேன். நன்றி என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் திட்டியதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

படிகத்தைச் சென்னையில் ஒரு கருவி மையத்துக்கு நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மின்னஞ்சலில் படம் வந்தது. நடுவே தாமிரம், மூன்று கைகளில் என் ஷிஃப் காரம். நான்காவது கையில் பக்கத்து மூலக்கூறு இல்லை. ஜோடியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓர் ஆக்சிஜன், அதன் இரு பக்கமும் இரண்டு ஹைட்ரஜன். தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளையும் பிடித்து இழுத்து வரிசையாக அடுக்கியிருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் அந்த அடுக்கே இருந்திருக்காது. பின்குப்பி மாவாகப் போனதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றியது.

நெறியாளர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தண்ணி எங்கேருந்து வந்துச்சும்மா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "காத்துல இருக்கற ஈரம் சார். மலையில ஜாஸ்தி" என்றேன். அதையே ஆய்வேட்டிலும் எழுதினேன். இன்னொரு வீட்டில், என் கண் படாமல், என் மாதிரியில் ஒருவர் தண்ணீர் ஊற்றினார் என்று எப்படி எழுதுவது? சிரிப்பார்கள். எட்டு வருஷத்தில் கிடைத்த ஒரே நல்ல விஷயம் என் கையால் நடந்தது இல்லை என்பதும் எனக்குக் குத்தியது. தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை செய்து பார்த்திருக்க வேண்டும். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆடி பிறப்பதற்கு முன்னால் ஏட்டைக் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு தை மாதத்தில் எங்கள் கல்லூரி அரங்கிலேயே வைத்தார்கள். இந்தத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது வழக்கம். கேள்வி கேட்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். பட்டுப்புடவையும் பலகாரப் பையுமாக வீட்டுக்காரர்கள் கடைசி வரிசையில் இருப்பார்கள். என் கணவர் என்னைக் கேட்காமலே அக்காவுக்குச் சொல்லியிருந்தார். "அவுங்க இல்லாம இன்னாத்துக்கு வைவா?" என்றார். அக்கா முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார். புளியும் தேனும் கொண்டுவந்திருந்தார். கடைசி வரிசையில் என் மகளுக்குப் பக்கத்தில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த தாள்களை மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுபவர். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஏட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"பொடியைச் சூடாக்கிப் பாத்திருக்கீங்க, அதுல தண்ணி இல்ல. படிகத்துல இருக்கு. மெத்தனாலை உலர்த்தினதா எழுதியிருக்கீங்க. இந்தத் தண்ணி எங்கேருந்து வந்தது?"

"அட்மாஸ்பெரிக் மாய்ஸ்சர் சார்."

"ரெண்டு குப்பி வச்சதா எழுதியிருக்கீங்க. ஒரே அறை, ஒரே பலகை, ஒரே காத்து. ஒண்ணுல மட்டும் ஈரம் போய் உக்காந்துச்சா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. நெறியாளர் என்னைப் பார்த்தார். இதற்குப் பதில் இல்லை என்றால் ஏடு திரும்பும், அதோடு எல்லாமே போகும் என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு பொய்யைத் தேடினேன். கடைசி வரிசையில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தேர்வாளரின் மெதுவான குரல் அங்கே எட்டியிருக்காது, இங்கிலீஷில் நான் சொன்னது எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. நன்றாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அது ஈரம் இல்ல சார்" என்றேன். "ஊத்துனது. குறையுதேன்னு ஒருத்தங்க ரெண்டு முறை தண்ணி ஊத்துனாங்க. நான் அதை எழுதல."

"யார் ஊத்துனாங்க?"

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஐயா, தப்பு என்னுதுதாங்க. டீச்சர் தொடாதன்னுதான் சொன்னாங்க. தெரியாம நான்தான் ஊத்திட்டேன். அதுக்காக அவுங்களுக்குக் குடுக்கறத நிறுத்திடாதீங்க."

மேடையில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவரிடம் சொல்லவே இல்லை. தண்ணீர்தான் நான்காவது கையைப் பிடித்தது என்று என் நெறியாளருக்குத் தெரியும், சென்னையில் கருவி ஓட்டுகிறவருக்குத் தெரியும், ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகளுக்குக்கூடத் தெரியும். ஊற்றியவருக்குத் தெரியாது. தான் கெடுத்ததையும் மீறி எனக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, எட்டு மாதம் அந்த மலையில் இருந்திருக்கிறார்.

தேர்வாளர் எழுந்து நின்றுதான் அவரிடம் பேசினார். "எவ்வளவும்மா ஊத்துனீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க. பையன் இருமல் மருந்து மூடி இருக்குதே, அதுல கோடு போட்டிருக்கும். கீழ்க் கோடு வரிக்கும். ஒரு தபா ஊத்திட்டு, ஒரு வாரம் பொறுத்து இன்னொரு தபா. ஜாஸ்தி ஊத்தலீங்க. கொதிக்க வெச்சி ஆறுன தண்ணிதான் ஊத்துனேன், கொழாத் தண்ணி இல்ல."

முன்வரிசையில் யாரோ குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்த மூடியின் கீழ்க் கோடு எத்தனை மில்லி என்று எனக்குத் தெரியும், தாயான எல்லோருக்கும் தெரியும். என் ஏட்டில் பல பக்கங்களில் "சிறிதளவு" என்று எழுதியிருந்தேன். அவர் அளந்து ஊற்றியிருந்தார்.

"செய்முறைப் பகுதியைத் திருத்தணும்" என்று தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "இந்த அளவுல செய்து பாத்து, மறுபடி படிகம் வருதான்னு சேத்துக் கொடுங்க. இவங்க செய்ததுன்னு எழுதுங்க." பிறகு அக்காவைப் பார்த்து, "அம்மா, நீங்க கெடுக்கல. உங்க தண்ணி இல்லன்னா அந்தப் படிகமே கிடையாது" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா அன்னிக்கி எதுக்கு டீச்சர் என்னெ அந்தத் திட்டு திட்டுனீங்க?"

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டியிருந்தது.

மேடையை விட்டு இறங்கிக் கடைசி வரிசைக்குப் போனேன். இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். "தெரியாம திட்டிட்டேன்க்கா" என்றேன். "படிகம் வந்ததே உங்களாலதான். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க." என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன, சொரசொரப்பான கைகள். கொஞ்ச நேரம் விடவில்லை.

"சரி உடுங்க டீச்சர். போங்க, போயி அந்த ஐயாவுக்கு பதில் சொல்லுங்க. நிக்கிறாரு பாருங்க, பாவம்."

போனேன். மீதிக் கேள்விகளுக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். அக்காவின் அளவில் மறுபடி படிகம் வந்ததையும் சேர்த்து ஏட்டைத் திருத்திக் கொடுத்த பிறகு பட்டம் கொடுத்தார்கள்.